‘மினாரி’ படம்: படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். ‘மினாரி’யை முதலில் அங்கே போட்டோம். அப்புறம் கேட்டுக்கொண்டவர்களுக்காகக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலும், கீரிப்பாறை ரப்பர் தோட்டக் குடியிருப்பிலும் போட்டோம். திரையில் ஓடும் ஆங்கில வரிகளை வாசிக்க முடியாதவர்களுக்காக நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று இடத்திலும் படம் முடிந்ததும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வந்தன. சந்தையிலும் பஸ்ஸிலும் பார்க்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வரும். படம் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

டீச்சர், என்ன கதை? ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் அடங்காது. 1983இல் நடக்கிறது. தென் கொரியாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு குடும்பம்: அப்பா ஜேக்கப், அம்மா மோனிக்கா, மகள் ஆன், சின்னவன் டேவிட். கலிபோர்னியாவில் கோழிப் பண்ணை வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஆர்கன்சா மாநிலத்தின் உட்கிராமம் ஒன்றில் ஜேக்கப் 50 ஏக்கர் வாங்குகிறார். கொரியாக்காரர்கள் சாப்பிடும் காய்கறிகளைப் பயிரிட்டு, பெரிய நகரங்களில் இருக்கும் கொரியாக் கடைகளுக்கு விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். வீடு என்று பார்த்தால் சக்கரத்தின்மேல் நிற்கும் நீளமான தகரப் பெட்டி. வாசலுக்குப் படிக்கட்டு கூடக் கிடையாது. டேவிட்டுக்கு இதயத்தில் ஓட்டை, ஆஸ்பத்திரியோ வெகுதூரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மோனிக்காவின் அம்மா சூன்ஜா கொரியாவிலிருந்து வருகிறார். அந்தப் பாட்டி வந்த பிறகுதான் படம் சூடு பிடிக்கிறது.

மினாரின்னா யாரு? படம் முழுக்கத் தேடுனேன், அந்தப் பேருல ஆளே இல்லையே.

மினாரி ஒரு கீரை. ஈரமான இடத்தில், ஓடைக் கரையில் வளரும். கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சானல்கரையில் (வாய்க்கால் கரையில்) படர்ந்து கிடக்கும் வல்லாரையும் அதே குடும்பம்தான். பாட்டி கொரியாவிலிருந்து அதன் விதையைக் கொண்டுவந்து, டேவிட்டைக் கூட்டிக்கொண்டு போய், காட்டுக்குள் ஒரு ஓடைக் கரையில் விதைக்கிறார். களை மாதிரி எங்கும் வளரும், ஏழையும் பணக்காரனும் பறித்துத் தின்னலாம், சூப்பில் போடலாம், மருந்தாகவும் ஆகும் என்று பேரனுக்குச் சொல்கிறார். விதைத்த பிறகு யாரும் அதற்கு உரம் போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. அப்பாவின் தோட்டம் என்ன பாடு படுகிறது, இந்தக் கீரை என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொண்டு போங்கள்.

இது கொரியா படமா, அமெரிக்கா படமா?

அமெரிக்கப் படம். எழுதி இயக்கிய லீ ஐசக் சங் அமெரிக்காவில் பிறந்தவர். பணம் போட்டது அமெரிக்க நிறுவனம், எடுத்தது ஓக்லஹோமா மாநிலத்தில். ஆனால் வீட்டுக்குள் பேசுவது பெரும்பாலும் கொரிய மொழி. இதனால் ஒரு சண்டையே நடந்தது. 2021 கோல்டன் குளோப் விருதில், பாதிக்குமேல் ஆங்கிலம் இல்லாத படம் முதன்மைப் பிரிவில் போட்டியிட முடியாது என்று விதி இருந்தது. அதனால் இதை ‘வெளிநாட்டு மொழிப் படம்’ பிரிவில் வைத்து, அந்தப் பிரிவுக்கான விருதையும் கொடுத்தார்கள். அமெரிக்க மண்ணில் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்கர் எடுத்த படம் எப்படி வெளிநாட்டுப் படம் ஆகும் என்று பலரும் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது லேசாகப் புரியும். எங்கள் பாட்டா பள்ளியில் மலையாளம் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த குமரி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தபோது அவர் அதே விளையில், அதே வீட்டில்தான் இருந்தார். எந்த மொழி பேசுகிறாயோ அதை வைத்து நீ எந்த ஊர்க்காரன் என்று தாளில் எழுதிவிடுவது என்ன மாதிரிக் காரியம் என்று அவர் பேச்சில் கேட்டிருக்கிறேன்.

உண்மையில நடந்த கதையா?

முழுவதும் அப்படியே நடந்தது இல்லை. ஆனால் இயக்குநரின் சின்ன வயது இதில் நிறைய இருக்கிறது. அவர் 1978இல் பிறந்தவர். பெற்றோர் கொரியாவிலிருந்து வந்தவர்கள். ஆர்கன்சாவில் லிங்கன் என்ற சிற்றூரில் சின்னப் பண்ணையில் வளர்ந்தார். சினிமாவை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்கே போய்விடலாம் என்று நினைத்த சமயத்தில், சிறு வயது ஞாபகங்களை ஒரு தாளில் பட்டியல் போட்டிருக்கிறார். எண்பது வந்ததாம். அதிலிருந்து பிறந்த திரைக்கதை இது.

எனக்கு இந்த எண்பது ஞாபக விஷயம் ரொம்பப் பிடித்துப்போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்குப் பத்து எழுதச் சொன்னேன். ‘அப்பா வந்த அன்னைக்கு அவர் பெட்டியில் இருந்து வந்த சோப்பு வாசம்’ என்ற வரி ஏழு பேர் தாளில் வேறு வேறு விதமாக இருந்தது. அதைப் பற்றிக் கீழே கல்ஃப் கேள்வியில் வருகிறேன்.

குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்களே, அது என்ன வேலை?

பொரித்த குஞ்சில் பெட்டை எது, சேவல் எது என்று பிரிக்கிற வேலை. பிறந்த அன்றைக்கே குஞ்சைக் கையில் எடுத்து, அடிப்பக்கம் பார்த்து, ஒரு நொடி இரண்டு நொடியில் சொல்லிவிட வேண்டும். 1920களில் ஜப்பானில் உருவான முறை இது. பிறகு கொரியாக்காரர்கள் இதில் தேர்ந்து பல நாடுகளுக்கும் இந்த வேலைக்குப் போனார்கள். கை பழகியவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார். பெட்டை முட்டைக்கு ஆகும். சேவல் குஞ்சுகளை எரித்துவிடுகிறார்கள். புகைபோக்கியில் வரும் கரும்புகை அதுதான். டேவிட் அது என்ன என்று கேட்கும்போது அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டு, ‘நீயும் நானும் உபயோகமா இருக்கணும்’ என்கிறார். இந்த மனிதர் ஏன் இப்படி நிலத்தில் கிடந்து உருளுகிறார் என்பதற்குப் படத்தில் வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தப் பண்ணைக் கூடத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் ‘அண்டியாபீஸ் மாதிரியே இருக்கு’ என்றார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். ஆமாம். வரிசையாக உட்கார்ந்து, தலை நிமிராமல், எண்ணிக்கைக்குக் கூலி. என் அம்மா பதினெட்டு வருடம் அண்டி தல்லினார். அண்டிப் பால் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்து, தோல் உரிந்து இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். மோனிக்கா தன் கையைப் பார்க்கிற இடத்தில் நான் தமிழ் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அந்தக் குச்சிக்காரனுக்கு முதல்லயே காசு குடுத்திருந்தா கிணறு வத்திருக்காதுல்லா?

ஆண்கள் கூட்டத்தில் இதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் கிணறு வெட்டும் முன்னே நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுவோம். கவைக்குச்சி பிடிப்பவரும் உண்டு, உள்ளங்கையில் தேங்காயை வைத்து அது எங்கே நிமிர்கிறது என்று பார்ப்பவரும் உண்டு. ஆர்கன்சாவிலும் ஒருவர் குச்சியோடு வருகிறார். ஜேக்கப், நம்மவர்கள் மூளையைப் பயன்படுத்துவார்கள் என்கிற மாதிரி மகனிடம் சொல்லிவிட்டு, தாழ்ந்த இடம் பார்த்துத் தானே தோண்டுகிறார். தண்ணீர் வருகிறது. கொஞ்ச நாளில் வற்றியும் போகிறது. அப்புறம் அரசாங்கக் குழாய்த் தண்ணீரைக் காசு கொடுத்துப் பயிருக்கு விட்டு, பணம் கட்ட முடியாமல் வீட்டுக் குழாயும் நின்றுவிடுகிறது.

குச்சி தண்ணீரைக் கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை. முறையாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் அது குருட்டாம்போக்கை விட மேலாக வந்ததில்லை. படமும் குச்சிக்கு வக்காலத்து வாங்குவதாக நான் நினைக்கவில்லை. ஜேக்கப் யாரிடமும் எதையும் கேட்காத ஆள். பக்கத்து நிலத்துக்காரனிடம் கேட்க மாட்டார், பெண்டாட்டியிடம் கேட்க மாட்டார். கடைசியில் அதே குச்சிக்காரர் பின்னால் மனைவியையும் கூட்டிக்கொண்டு நடந்து, அவர் காட்டிய இடத்தில் கல் வைக்கிறார்கள். கேட்கப் பழகிவிட்டார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அந்தக் கிழவி ஏன் பாட்டி மாதிரியே இல்ல? சீட்டு விளையாடுது, கெட்ட வார்த்த பேசுது!

டேவிட்டின் புகாரும் இதேதான். பிஸ்கட் செய்யத் தெரியாது, டிவியில் மல்யுத்தம் பார்க்கிறாள், கொரியா நாற்றம் அடிக்கிறாள் என்கிறான். அவன் மனதில் இருக்கும் பாட்டி அமெரிக்கக் கதைப் புத்தகத்துப் பாட்டி. கொரியாவை அவன் பார்த்ததே இல்லை. பாட்டியோ அவன் கோபத்தைக் கொஞ்சமும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாயில் கடித்துக் கொடுத்த பழக்கம், சீட்டுக்கட்டு, சிரிப்பு எல்லாவற்றோடும் அவன் அறையிலேயே வந்து படுத்துக்கொள்கிறார்.

பாட்டி வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்கிற காட்சியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். மிளகாய்ப் பொடியும் நெத்திலிக் கருவாடும் வெளியே வருகின்றன. மோனிக்கா அழுகிறாள். குளச்சலில் அந்த இடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கூட்டம் முழுக்க ‘நெத்தோலி!’ என்றது. பஹ்ரைனுக்கும் சவுதிக்கும் மீன்பிடி போட்டில் வேலை பார்க்கப் போகிறவர்கள் பெட்டியில் அதே இரண்டு பொட்டலமும் இருக்கும், கூடக் கருப்பட்டியும் வறுத்த தேங்காய்ப் பொடியும். நியூஸ் பேப்பரில் சுற்றி, பாலித்தீனில் சுற்றி, அதன் மேல் ஒரு பழைய லுங்கியையும் சுற்றிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் விமானத்தில் பெட்டி முழுக்க மணத்துவிடும்.

பாட்டியா நடிச்சவங்களுக்கு ஆஸ்கர் கிடைச்சதா சொன்னாங்களே, நிஜமா?

நிஜம். யூன் யோ-ஜங். 2021 ஏப்ரலில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் கொரியர் அவர்தான். அப்போது வயது 73. எழுபதுகளில் கல்யாணமாகி அமெரிக்கா போய்ச் சில வருடம் வாழ்ந்துவிட்டுக் கொரியா திரும்பியவர் என்பதால் அந்த வாழ்க்கை அவருக்குப் புதிதில்லை. படம் மொத்தம் ஆறு பிரிவில் பரிந்துரையானது; கிடைத்தது இந்த ஒன்று. ஜேக்கப்பாக நடித்த ஸ்டீவன் யூன் பெயரும் சிறந்த நடிகர் பட்டியலில் இருந்தது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா? அந்த மூத்திரக் காட்சி இருக்கே.

காட்டலாம். டேவிட் பாட்டிக்குக் குடிக்கக் கொடுக்கும் அந்தக் கோப்பைக்குத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவனுக்குத் தினமும் கசப்புக் கஷாயம் கொடுக்கிறார்கள், அதற்கு அவன் பழிவாங்கல் அது. அப்பா பிரம்பு எடுக்கும்போது பாட்டியே குறுக்கே நின்று பேரனைக் காப்பாற்றுகிறார். எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பக்கவாதம் வரும் காட்சியும் தீக் காட்சியும் பயமுறுத்தலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வேறு ஆபாசம் எதுவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை சிலுவ சுமந்துட்டு ரோட்டுல போற ஆளு பைத்தியமா?

பால் என்ற அந்த மனிதர் கொரியப் போரில் சிப்பாயாக இருந்தவர். இப்போது ஜேக்கப்பின் தோட்டத்தில் வேலை செய்கிறார். ‘இதுதான் என் கோவில்’ என்று சொல்லி மரச் சிலுவையைத் தோளில் வைத்து மண் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார். பஸ்ஸில் போகும் பிள்ளைகள் அவரைக் கேலி செய்கிறார்கள். நம் ஊரில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை போகிறோம், அங்கே எல்லாரும் சேர்ந்து போவதால் யாரும் பைத்தியம் என்பதில்லை. இவர் தனியாக, வருடம் முழுக்கப் போகிறார். அந்தப் போரில் அவர் பார்த்தது என்ன என்று படம் சொல்லாது. ஆனால் கொரியாக் குடும்பம் ஒன்று தன் ஊருக்கு வந்தது அவருக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது அவர் ஜேக்கப்பைக் கட்டிப்பிடிக்கும் விதத்திலேயே தெரிகிறது.

வெள்ளைக்காரங்க இவங்கள மோசமா நடத்துன மாதிரியே காட்டலையே. நம்புற மாதிரி இல்லையே?

காட்டுகிறது, சத்தம் போடாமல். கோவிலில் ஒரு பையன் டேவிட்டிடம் ‘உன் மூஞ்சி ஏன் தட்டையா இருக்கு?’ என்கிறான். ஒரு சிறுமி ஆனிடம் வாய்க்கு வந்த ஓசைகளை எல்லாம் சொல்லி, உங்கள் மொழியில் ஏதாவது வார்த்தை வந்தால் நிறுத்து என்கிறாள். இரண்டு பேரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. அந்தப் பையன் பிறகு டேவிட்டுக்குக் கூட்டாளியாகிறான். இந்தக் குடும்பத்தை நசுக்குவது பக்கத்து வீட்டுக்காரர்களின் வெறுப்பைவிடத் தண்ணீர், கடன், தூரம் ஆகியவைதான் என்று இயக்குநர் நினைத்திருக்கிறார். அவர் வாழ்ந்த ஊர் அவருக்குத் தெரியும், நான் அதில் குறை சொல்ல மாட்டேன். டல்லாஸில் காய்கறி வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிரிக்கிற வியாபாரி யார்? அவரும் கொரியாக்காரர்தான்.

காய்க்கு ஆர்டர் கெடச்சாச்சு, பிள்ளைக்கும் சுகமாச்சு. அப்ப பாத்து ஏன் அவ பிரியணும்ங்கா?

இந்தக் கேள்வியில் மட்டும் மூன்று ஊரிலும் சண்டை வந்தது. ஆண்கள் பெரும்பாலும் ஜேக்கப் பக்கம், பெண்கள் பெரும்பாலும் மோனிக்கா பக்கம் நின்றார்கள். ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், குளச்சலில் ஒரு பெரியவர் எழுந்து, ‘நானும் இருபது வருசம் அவன மாதிரிதான் இருந்தேன், அவ சொன்னதுதான் சரி’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடப்பதைக் கவனியுங்கள். டேவிட்டின் இதயச் சோதனைக்காக ஓக்லஹோமா நகரத்துக்குப் போகிறார்கள். ஜேக்கப் காய்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறார். கார் வெயிலில் நின்றால் காய் வாடிவிடும் என்பது ஆஸ்பத்திரி வாசலிலும் அவர் கவலை. உள்ளே டாக்டர் நல்ல செய்தி சொல்கிறார். அடுத்து கடைக்காரரும் வாங்கச் சம்மதிக்கிறார். வெளியே வந்ததும் மோனிக்கா சொல்வதன் சாரம் இது: கஷ்டத்தில் நாம் ஒருவரை ஒருவர் தாங்கவில்லை, காசு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய், நாளைக்கு இந்தக் காசு போனால் மறுபடி என்ன ஆகும்? அவளுக்குப் பணம் வந்ததில் வருத்தம் இல்லை. பணம் வந்த நிமிடத்தில்தான், குடும்பமா தோட்டமா என்று வந்தால் இவர் எதை எடுப்பார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துபோகிறது. கஷ்டம் இருக்கும்வரை அது மறைந்து இருந்தது.

நான் மோனிக்கா பக்கம். ஜேக்கப் கெட்டவர் இல்லை. கையைத் தூக்க முடியாமல் தோள் வலிக்கிற அன்று மோனிக்காதான் அவர் தலையைக் கழுவிவிடுகிறாள். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் கூட வந்தவளிடம் கேட்காமல் எடுத்த முடிவுக்கு அவள் வாழ்நாள் முழுவதும் வட்டி கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் அவர்.

தீ வச்சது கிழவி வேணும்னே செஞ்ச காரியமா?

இல்லவே இல்லை. பக்கவாதத்தில் ஒரு கையும் பேச்சும் விழுந்துவிட்ட பிறகும், வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல் குப்பையை எரிக்கிறார். எரிகிற அட்டை ஒன்று பீப்பாயிலிருந்து சரிந்து புல்லில் விழுகிறது. காய்கறி சேர்த்து வைத்திருந்த கொட்டகை போய்விடுகிறது. ஜேக்கப் காயைக் காப்பாற்ற உள்ளே ஓட, பின்னாலேயே மோனிக்காவும் ஓடுகிறாள். ஒரு கட்டத்தில் பெட்டிகளை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். முன் கேள்வியில் சொன்ன சண்டைக்கு அவர்கள் வாயால் சொல்லாத பதில் இதுதான்.

பாட்டியோ வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். ஓடவே கூடாது என்று வளர்க்கப்பட்ட டேவிட் அப்போதுதான் ஓடுகிறான். முன்னால் போய் மறித்து நின்று, வீட்டுக்குக் கூப்பிடுகிறான்.

பையனுக்கு நெஞ்சு எப்படி சொகமாச்சு? பாட்டி ஜெபமா, கஷாயமா?

படம் சொல்லவில்லை. மருத்துவத்தில் இது அபூர்வமும் இல்லை. இதயத்தில் இருக்கும் சிறிய ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தானாகவே சுருங்கி மூடும். டேவிட்டுக்கும் சுருங்கிக்கொண்டு வருவதாகத்தான் டாக்டர் சொல்கிறார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் அவனை ‘ஓடாதே, ஓடாதே’ என்கிற வீட்டில், ‘நீ பலசாலி’ என்று சொன்ன ஒரே ஆள் பாட்டி. சாவுக்குப் பயந்து அவன் தூங்காமல் கிடக்கும் இரவில் அணைத்துக்கொண்டு, உன்னைச் சாக விடமாட்டேன் என்கிறார். மறுநாள் காலையில் அவருக்குத்தான் வாதம் வந்திருக்கிறது.

நம்ம கல்ஃப்காரங்க கதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

ஜேக்கப் மனைவி மக்களோடு போனார். நிலம் வாங்கினார். பிள்ளைகள் அந்த ஊர்க் குடிமக்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் அங்கேயே. வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்களுக்கு இதில் எதுவும் கிடையாது. சம்பளம் ஒரு அளவுக்குமேல் இருந்தால்தான் குடும்ப விசா. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் போட்டில் வேலை பார்ப்பவருக்கும் அந்தச் சம்பளம் வராது. நாற்பது வருடம் உழைத்தாலும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. வேலை முடிந்தால் திரும்பி வர வேண்டியதுதான். அதனால் நம் மாவட்டத்தில் இந்தக் கதையின் பாதி இங்கே நடக்கிறது. புது வீடு, டைல்ஸ் தரை, கேட், அதற்குள் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆச்சியும்.

என் அப்பா 1985இல் சவுதியில் தம்மாம் போனார், 1999இல் திரும்பினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. அந்தக் காலத்தில் போன் கிடையாது, கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார். நாங்கள் டேப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். ஒரு கேசட்டில் அவர் பேச்சுக்கு நடுவே பின்னால் யாரோ மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிந்ததா என்று கேட்கிறார்கள். அங்கே மரச்சீனி கிடைக்குமா என்று நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். டேவிட் பாட்டியிடம் ‘கொரியா நாற்றம்’ என்றான் இல்லையா, நான் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தேன். அவர் வந்த முதல் நாள் அந்த சோப்பு வாசமும் சென்ட் வாசமும் அடிக்கிற ஆளின் மடியில் உட்கார மாட்டேன் என்று அம்மா பின்னால் ஒளிந்தேன். எனக்கு அப்போது ஐந்து வயது.

எனவே ஒற்றுமை எங்கே என்றால், புது ஆளாக வீட்டுக்குள் வரும் சொந்தத்தில். கொரியக் குடும்பத்தில் அது பாட்டி, நம் வீடுகளில் அப்பா.

அவங்க போனவங்க. எங்கள மாதிரி அனுப்பி வைக்கப்பட்டவங்களுக்கு இதுல என்ன இருக்கு?

கீரிப்பாறையில் ஒரு அக்கா கேட்டது. தெரியாதவர்களுக்காக: 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பல குடும்பங்களுக்கு நம் மாவட்ட ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அரசாங்கத் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பியோர்’ ஆனார்கள்.

அந்த அக்காவிடம் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஜேக்கப்புக்குத் தான் போட்ட திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதற்காகச் சண்டை போட முடிகிறது. அந்த அக்காவின் அம்மாவை யாரும் கேட்கவில்லை. அன்று இரவு அவர் வீட்டில் எங்களுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) செய்த அதே கைப்பக்குவம் என்றார். சம்பல் இடிக்கும் சிறிய உரலைக் காட்டினார், அடி வழவழத்துப் போயிருந்தது. கப்பலில் கொண்டுவந்த சாமானில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதானாம்.

இதப் பாத்தா நம்ம ஊருக்கு வேலைக்கு வர்ற வடநாட்டுப் பிள்ளைங்க ஞாபகம்தான் வருது. தப்பா?

தப்பே இல்லை, எனக்கும் அதுதான் வந்தது. செங்கல் சூளையிலும் ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் அசாம், வங்காளம், ஒடிசா பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் நான் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் இரண்டு வருடத்துக்கு முன் கடுகெண்ணெய் கிடையாது. இப்போது தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே ஒரு அடுக்கு முழுக்க மஞ்சள் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் அந்த அடுக்குக் காலியாக இருக்கும். ஜேக்கப் போட்ட கணக்கும் இதே கணக்குதான்: வந்து சேர்ந்தவர்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடுவார்கள்.

அந்தக் கோவில் சிறுமி ஆனிடம் செய்ததை நாம் இந்தப் பிள்ளைகளிடம் தினமும் செய்கிறோம். எல்லாரையும் ‘பாய்’ என்கிறோம், எந்த மொழி என்று கேட்பதில்லை.

கடைசில ஜெயிச்சாங்களா தோத்தாங்களா? சட்டுனு முடிஞ்சு போச்சே.

தீ விபத்துக்கு அப்புறம் எல்லாரும் ஒரே அறையில் தரையில் படுத்துத் தூங்குகிறார்கள். பாட்டி மட்டும் விழித்திருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்; குற்ற உணர்ச்சி என்றார்கள், நிம்மதி என்றார்கள். எனக்கு இரண்டும் தெரிந்தது. அப்புறம் குச்சிக்காரர் வருகிறார் (மேலே சொல்லிவிட்டேன்). பிறகு ஜேக்கப்பும் டேவிட்டும் ஓடைக்குப் போகிறார்கள். மினாரி கரை முழுக்கப் பச்சையாக நிற்கிறது. பாட்டி நல்ல இடமாகப் பார்த்து விதைத்திருக்கிறாள் என்கிறார் ஜேக்கப். பறிக்கிறார்கள். முடிந்தது.

அடுத்த வருடம் விளைச்சல் வந்ததா, கடன் அடைந்ததா என்று தெரியாது. ஆனால் புதுக் கிணற்றுக்குக் கல் வைத்தவர்கள் ஊரைக் காலி செய்யப் போகிறவர்கள் இல்லை.

மினாரி நம்ம ஊர்ல வளருமா? விதை கிடைக்குமா?

கொரியாவுக்கு மட்டும் உரிய செடி இல்லை அது. ஆசியாவில் பல நாடுகளில் இருக்கிறது, நம் நாட்டிலும் வடகிழக்கில் சாப்பிடுகிறார்கள். மணிப்பூரில் ‘கோம்ப்ரெக்’ என்பார்கள். நம் சூட்டில் எப்படி வரும் என்று வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: இதைப் போலவே இலை உள்ள விஷச் செடிகள் இந்தக் குடும்பத்தில் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு ஓடைக் கரையில் கண்டதைப் பறித்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள்.

விதை விஷயத்தை மணிப்பூர்த் தம்பி ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். தக்கலையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். படிப்பகத்தில் படம் ஓடும்போது கதவோரம் நின்று பார்த்தவர், கடைசிக் காட்சியில் திரையைக் காட்டி ‘எங்க வீட்டுல இருக்கு’ என்றார். லீவுக்குப் போய்விட்டு வரும்போது வேரோடு நாலு தண்டு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். சானல்கரையில் இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.